துரைக்குப் பதில் துரை

ஏரி உடைந்து வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்ததும், துர்காதேவி தன் மாமியார் சம்பூர்ணத்தையும் துரையையும் கூட்டிக்கொண்டு, தான் வேலை பார்க்கும் நெம்மேலி ஆய்வகத்தின் மாடிக்கு வந்து ஏறினாள். துரை ஒரு சேவல். மருமகளுக்கு இந்த வேலை கிடைத்தால் கெங்கையம்மனுக்கு அறுப்பதாகச் சம்பூர்ணம் நேர்ந்துவிட்ட சேவல். வேலை கிடைத்தது. சேவல்தான் அறுபடவில்லை. தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும் என்று துர்காதேவி இழுத்தடித்துக்கொண்டே இருந்தாள். குஞ்சாக இருந்தபோது அவள் மடியில் தூங்கிய பயல் அது.

சாலை மூழ்கிக் கிடந்தது. கொண்டுவந்த ரொட்டி மறுநாளே தீர்ந்தது. பசி காதை அடைத்தது.

"அறுத்துடலாம்டி. வேண்டுதலும் தீரும், வயிறும் ரொம்பும்" என்று சம்பூர்ணம் கத்தி தேடினாள்.

துர்காதேவி ஆய்வக அறைக்குள் ஓடினாள். ஒரு கண்ணாடித் தட்டைத் தூக்கி வந்தாள். அதில் உள்ளங்கை அகலத்துக்குக் கறி.

"இதுவும் துரைதான் அத்த. அவன் ஒடம்புலேர்ந்து துளியூண்டு சதை எடுத்து இங்க தட்டுலயே நாங்க வளத்தது. இத்த அறுங்க."

"இன்னாடி கூத்து இது. எலும்பு இல்ல, றெக்க இல்ல." சம்பூர்ணம் தட்டைச் சுற்றி வந்தாள். "சரி, மஞ்சத்தண்ணி தெளிக்கிறேன். சிலுப்புச்சுன்னா ஆத்தா ஏத்துக்கினான்னு அர்த்தம். இல்லாங்காட்டி துரைதான்."

நியாயமான பேச்சு. தண்ணீர் பட்டு உடம்பைச் சிலுப்பி உத்தரவு தராத எதையும் அவர்கள் கோயிலில் வெட்டுவதில்லை. வெள்ளத்திலும் மஞ்சள் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்த மகராசி, கரைத்துத் தெளித்தாள். கறி அசையவில்லை. மறுபடி தெளித்தாள். ஊஹூம். சம்பூர்ணம் சேவல் பக்கம் திரும்பினாள்.

அந்தக் கறி இறுகுவதற்காக லேசாக மின்சாரம் பாய்ச்சி உடற்பயிற்சி தருவது துர்காதேவியின் அன்றாட வேலை. துப்பட்டாவுக்கு அடியில் கையை விட்டு, தட்டோடு இணைந்த பேட்டரியின் பொத்தானை அழுத்தினாள். கறி ஒரு துள்ளு துள்ளியது. மஞ்சள்நீர் சம்பூர்ணத்தின் மூக்கில் தெறித்தது.

"பொத்தான அமுக்குன. பாத்தேன்" என்றாள் சம்பூர்ணம், மூக்கைத் துடைத்தபடி.

துர்காதேவி துப்பட்டாவுக்கு அடியிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"பொத்தான நீ அமுக்குன. உன் கைய யாரு அமுக்க வச்சது?" சம்பூர்ணம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வேலைய குடுத்த ஆத்தா, அந்த வேலையிலயே கேட்டு வாங்கிக்கினா."

துர்காதேவி சிரித்தாள், அழுதாள், துரையைத் தூக்கிக்கொண்டு தலை கிறுகிறுக்கச் சுற்றினாள். கறியை உப்புப் போட்டு வேகவைத்து ஆத்தாவுக்குப் படைத்தார்கள். எடுத்து வாயில் வைப்பதற்குள் துரை பாய்ந்து வந்து முதல் துண்டைக் கொத்தி விழுங்கியது. அடுத்த துண்டுக்கும் அலகை நீட்டியது.

"உப்பு சரியா கீது போல" என்றாள் சம்பூர்ணம்.