மரண அறிவிப்புக்கு ஒரு வினைச்சொல்

சந்த்ரௌத்தி குடையை மடக்காமலே உள்ளே வந்தாள். பான்மதியின் மேசைக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் அது கையில் விரிந்தபடியே இருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஹார்டுவேர் கடை மாடியில் இருக்கும் அந்தச் சின்ன வானொலி நிலையத்துக்கு இப்படி வருகிறவர்கள் உண்டு. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார்கள். அடுப்பை அணைத்தோமா என்று பாதிப் பேச்சில் எழுந்து ஓடுவார்கள். பான்மதி அவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இறந்தவரின் பெயரையும் ஊர் கூப்பிடுகிற பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வாள். மாலையில் அவளே அதை வாசிப்பாள். கொரன்டைன் கடற்கரை ஊர்களில் தெரிந்தவர் யாராவது போய்விட்டார்களா என்று ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கைவைப்பார்கள்.

இன்று தண்ணீர் கொடுக்க அவளால் எழுந்திருக்க முடியவில்லை. சந்த்ரௌத்தியின் புருஷன் கண்பத் ஓட்டிப்போன படகில்தான் பான்மதியின் புருஷன் ஹேம்சந்தும் போயிருந்தான். போன வாரம் அந்தப் படகு சூரினாம் பக்கம் ஆளில்லாமல் மிதந்தது. எஞ்சின் இல்லை, வலை இல்லை. கடற்கொள்ளைக்காரர்கள்தான் என்று ஊருக்கே தெரியும். யார் அவர்கள் என்பதும் பாதிப் பேருக்குத் தெரியும், வாயைத் திறக்கத்தான் ஆளில்லை.

“எழுது பானு. அவருக்கு அறிவிப்புப் போடணும்.”

“உடம்பு கிடைச்சுதாக்கா?”

“கிடைக்கல.”

அப்போதுதான் படியேறி வந்த தூலாராம் தொப்பியிலிருந்த மழைத்தண்ணீரைத் தட்டிவிட்டுச் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தான். படகுத்துறையில் ஐஸ் விற்கிறவன். எந்தப் படகு எப்போது கிளம்புகிறது, எத்தனை நாள் கடலில் நிற்கும் என்பதெல்லாம் ஐஸ் வாங்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் கொடுத்த ஐஸோடு போன படகுகள்தான் அடிக்கடி கொள்ளைக்காரர்களிடம் மாட்டுகின்றன என்று பெண்கள் குழாயடியில் முணுமுணுப்பார்கள். அவன் தலை தெரிந்தால் பேச்சு மீன் விலைக்குப் போய்விடும்.

பான்மதி பேனாவை எடுத்தாள். ஆங்கிலத்தில் சாவதற்கு எத்தனை சொல் உண்டோ அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. கிழவர்கள் ‘பாஸ்ட் அவே’ ஆவார்கள். தேவாலயத்துக்காரர்கள் ‘வென்ட் ஹோம்’, அதாவது கர்த்தரின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சின்னக் குழந்தை என்றால் ‘ஃபெல் அஸ்லீப்’, தூங்கிவிட்டது. ‘பெரிஷ்ட்’, மாண்டார் என்பது, போலீஸ்காரர்களுடைய சொல், குடும்பத்தார் அதைத் தொடமாட்டார்கள். ‘டைட்’, அதாவது செத்தார் என்ற மொட்டைச் சொல்லை மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டு வாங்கியதில்லை. அவள் வேண்டுமென்றே ஒருமுறை அதைச் சொல்லிப்பார்த்ததற்கு, மாமியாரோடு தீராத சண்டை போட்டிருந்த மருமகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“‘லாஸ்ட் அட் சீ’ன்னு போடட்டுமாக்கா? கடல்ல போனவங்களுக்கு அதுதான் வழக்கம்.”

“வேணாம். காணாமப் போனவனைத் தேடுவாங்க.”

“அப்ப ‘பாஸ்ட் அவே’?”

“அது படுக்கையில கிடந்து போறவங்களுக்கு. ‘டைட்’னு போடு.”

சொல்லும்போது அவள் முகம் சுளிக்கவில்லை, உதடு கோணவில்லை. கடைக்காரனிடம் கெட்டிக் கயிறாகக் கேட்டு வாங்குகிறவளின் முகமாக இருந்தது. பிறகு மேசைமேல் குனிந்து, குரலைத் தணித்துக் கேட்டாள். “கேக்குறவங்க மறுபேச்சில்லாம நம்பணும் பானு. அந்த வார்த்தை போதும்ல?”

குனிந்தபோது அவள் வகிடு தெரிந்தது. செந்தூரத்தைத் துடைத்திருந்தாள். ஆனால் மயிர்க்காலில் சிவப்பு இன்னும் ஈரமாக இருந்தது. இன்று காலைகூட வைத்திருக்கிறாள். பான்மதியின் பேனா தாளைத் தொடாமல் நின்றது.

“என்ன மிஸ், ஒரு வார்த்தைக்கு இவ்ளோ நேரமா?” என்றான் தூலாராம் சிரித்துக்கொண்டே. “எங்க அக்கா பொண்ணுக்கு ஒரு ஹேப்பி பர்த்டே சொல்லணும், அவ்வளவுதான் என் வேலை. நீங்க முடிங்க.” பிறகு சந்த்ரௌத்தியின் பக்கம் திரும்பினான். “கண்பத் அண்ணன் நல்ல மனுஷன். மூஞ்சியை ஒருவாட்டி பாத்தா மறக்கவேமாட்டாரு. வந்துட்டாரான்னு உங்க வீட்டுக்கு ரெண்டு மூணு தடவை வந்தேன் அண்ணி. நீங்க கதவே திறக்கல.”

“அழுதுக்கிட்டு இருந்தேன் தம்பி.”

“பின்ன, அழாம இருக்க முடியுமா.”

சந்த்ரௌத்தி மேசைக்கு அடியில் பான்மதியின் கையைப் பற்றினாள். ஆறுதல் சொல்கிற பிடி இல்லை அது, எலும்பு வலித்தது. “உன் வீட்டுக்காரருக்கும் சேத்து எழுது,” என்றாள் சத்தமாக. “ஒரே படகு. ஒருத்தரு போயி ஒருத்தரு இருப்பாங்களா? ரெண்டு பேருக்கும் அதே வார்த்தைய போடு.”

கண்பத் எங்கோ உயிரோடு ஒளிந்திருக்கிறான். அது பான்மதிக்குப் புரிந்துவிட்டது. கொள்ளையடித்தவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டான், செத்துவிட்டான் என்று நம்பினால்தான் அவனை விடுவார்கள். ஆனால் ஹேம்சந்த்? அவனும் கூட இருக்கிறானா? இல்லை, அவன் நிஜமாகவே கடலோடு போய்விட்டு, கண்பத்தின் பொய்க்கு முட்டுக்கொடுக்க அவன் பெயரும் வேண்டியிருக்கிறதா? கேட்டுவிடத் துடித்தாள். பெஞ்சில் இருக்கிறவன் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்போது எதைக் கேட்பது?

“அக்கா, என் வீட்டுக்காரரு…”

“எழுது,” என்றாள் சந்த்ரௌத்தி. அவள் கண்ணில் ஒன்றும் இல்லை.

வீட்டில் மாமியார் ராம்ராஜி மகனுடைய தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, இந்நேரம் ரேடியோவுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டிருப்பாள். தினமும் அறிவிப்பு முடிந்ததும் நிலையத்துக்கு ஃபோன் போட்டு, “இன்னைக்கும் அவன் பேரு இல்லடி,” என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கேற்றுவாள். அவளிடம் முன்னதாக ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. சொன்னாலும் ஊரைக் கூட்டாமல் அவளுக்கு இருக்கத் தெரியாது.

ஒலிபரப்பு அறையிலிருந்து, கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் லெனாக்ஸ் கண்ணாடியைத் தட்டி, நேரமாகிவிட்டது என்று சைகை காட்டினான். பான்மதி தாளோடு உள்ளே போனாள். ஆர்கன் இசை ஓய்ந்து சிவப்பு விளக்கு எரிந்தது. பெஞ்சில் இருந்த தூலாராம் எழுந்து வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றான். கண்பத்துக்குரியதை அவள் வழக்கமான குரலில் வாசித்தாள். அடுத்து ஹேம்சந்த், ஊரில் ‘லாங்மேன்’ என்று அறியப்பட்டவர். ராம்ராஜியின் ஒரே மகன். இந்த வானொலியைச் சேர்ந்த பான்மதியின் கணவர்.

அங்கே குரல் நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் அவள் மற்றவர்களுக்காகத் தேடித்தேடி எடுத்துக்கொடுத்த மென்மையான சொற்களெல்லாம் நாக்கின் நுனியில் வந்து நின்றன. போய்விட்டார், தூங்கிவிட்டார், வீடு சேர்ந்தார். எதையாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்துவிடலாம். தூலாராம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளையறியாமல் கை தலைக்குப் போனது. வகிட்டிலிருந்த செந்தூரத்தை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள். பிறகு மொட்டையாக அந்தச் சொல்லைச் சொன்னாள். குரல் உடைந்தது. அது நடிப்பா நிஜமா என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

தூலாராம் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். இறுதிப் பாட்டு முடியும்வரை அப்படியே மரியாதையாக நின்றான். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, பிறந்தநாள் வாழ்த்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ஃபோனைக் காதில் வைத்தபடி படியிறங்கிப் போனான்.

பான்மதி வெளியே ஓடிவந்தாள். சந்த்ரௌத்தியின் முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும், ஆமா இல்லை என்று தெரிந்துவிடும். நாற்காலி காலியாக இருந்தது. குடை தரையில் விரிந்தபடி கிடந்து சொட்டிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்துகொண்டே போயிருக்கிறாள்.

மேசைமேல் ஃபோன் அடித்தது. வீட்டு எண். சிவந்த உள்ளங்கையை விரித்துப் பிடித்தபடி, அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.