நீலக் கூந்தலுக்கு மூன்று முடிவுகள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஜப்பானில், நகோயாவில் என் அடுத்த வீட்டுக் கயோகோ கொடுத்தது. "தமிழ்லயே எழுதுங்க, வாசுகி சான். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது" என்று யோசனையும் அவளே சொன்னாள்.

2

கொடுங்கோலனான சூரியன் தன் ஆயிரம்—

(வேண்டாம். சூரியன் பாவம், அது பாட்டுக்குக் காய்கிறது.)

கயோகோவின் கணவர் தொகுஜி பொம்மை சேர்ப்பவர். பொம்மை என்றால் கோபித்துக்கொள்வார். சிலை என்று சொல்லவேண்டும். எதையும் மூன்றாக வாங்குவார்: பார்க்க ஒன்று, பெட்டி பிரிக்காமல் பாதுகாக்க ஒன்று, யாருக்காவது கொடுத்து அவர்களையும் இந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட ஒன்று. பார்க்கும் சிலை வெளுக்கக் கூடாதென்று அலமாரிக் கண்ணாடியில் புற ஊதாத் தடுப்புத் தாள் ஒட்டினார். போதாதென்று பகலிலும் ஜன்னல் திரையை மூடினார்.

"தெற்குப் பாத்த வீடுன்னு தேடிப் புடிச்சுட்டு இருட்டுலயா உக்காரணும்? மெத்தை எப்படிக் காயும்?" இது கயோகோ. அவர் வேலைக்குப் போனதும் திரையைத் திறந்துவிடுவாள்.

அப்படி மூன்றாக வாங்கியதில் ஒன்று ஒரு பாடகியின் சிலை; இரண்டு கோடையில், அலமாரியில் நின்றதன் நீலக் கூந்தல் சாம்பல் நிறமானது. கயோகோ பெட்டியிலிருந்த புதியதை அலமாரியில் நிறுத்தி, வெளுத்ததைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிட்டாள். தொகுஜியோ நிறம் மங்காதது தன் தாளின் மகிமையென்று நண்பர்களிடம் பெருமையடித்தார்.

3

இன்று மதியம் அந்த நண்பர்கள் முன்னால் பெட்டியைப் பிரித்து, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டப்போகிறார். பெட்டிக்குள் மாற்றி வைக்க மூன்றாவது சிலையைக் கேட்டு நேற்று கயோகோ ஓடிவந்தாள். தொகுஜி அதை எனக்குத்தான் கொடுத்திருந்தார். சமையலறை ஜன்னலோரம் கைகாட்டினேன். அதன் கூந்தல் சோறு மாதிரி வெளுத்திருந்தது.

"உங்களை நம்பிக் குடுத்தாரே!"

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அவளுக்குக் கண் கலங்கியது. "சிலை போனாப் போகுது. இனிமே நான் எதைச் சொன்னாலும் நம்புவாரா?"

4

முடிவு ஒன்று: தொகுஜி பெட்டியைத் திறந்து மயங்கி—

(இல்லை. கையில் சிலை இருக்கும்போது அவர் மயங்கமாட்டார்.)

முடிவு இரண்டு: தொழிற்சாலையில் தவறி வந்த அபூர்வ நிறம் என்று நம்பித் துள்ளிக் குதிக்கிறார். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. கயோகோ ஒப்பவில்லை. "அவர் துள்றதைப் பாத்துக்கிட்டு எந்த மூஞ்சியோட டீ ஊத்துவேன்?"

மூன்றாவதை எழுத இன்று காலை உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் திரை இழுபடும் சத்தம். தொகுஜி வீட்டிலிருக்கும்போது அந்தத் திரை திறந்ததே இல்லை.

"இங்க வாங்க" என்றாள் கயோகோ. "வெளிச்சத்துல ஒண்ணு காட்டணும்."

அவர் சொன்ன பதில், சுவரில் காதை வைத்தும் எனக்குக் கேட்கவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நல்லபடியாக எழுதுங்கள், அவள் பாவம். என் சமையலறை ஜன்னலை மட்டும் விட்டுவிடுங்கள்.