இரண்டு அடுப்பு, ஒரு மிக்சி

சுசித்ராவின் வேலை நிரந்தரமாவதற்குக் குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் நின்றது. கேள்வியைக் கேட்டவர் மேலாளர் ராமப்பன்.

"கடமைக்கு மேலயும் ஜனங்களை உழைக்க வெக்கறது எது? நோடம்மா, இங்க பாரு, வெள்ளிக்கிழமை பெங்களூர்ல இருந்து பெரியவங்க வர்றாங்க. பதில் கொண்டா. மாசக் கடைசியில உன் கன்ஃபர்மேஷன் லெட்டர்ல கையெழுத்து போடறேன்."

ஓசூரில் பிரேக்குக்கு ரப்பர் வளையம் செய்யும் தொழிற்சாலை அது. மனிதவளப் பிரிவில் சுசித்ரா சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் தேற வேண்டும். கிருஷ்ணகிரியில் அவள் அப்பா, தேறிவிட்டாள் என்று தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்து முடித்திருந்தார். பக்கத்து மேசை சௌமியா இரண்டு மாதம் பின்னால் சேர்ந்தவள். மைசூர்பாகு கொடுக்க அவளுக்கும் ஒரு தெரு இருந்தது.

சுசித்ரா இருநூற்றுப் பன்னிரண்டு படிவம் அடித்தாள். கடமைக்கு மேல் உழைக்கக் காரணம்: (அ) கம்பெனி மேல் பற்று, (ஆ) மேலதிகாரிகளின் ஊக்கம், (இ) குழு உணர்வு, (ஈ) மற்றவை. சூப்பர்வைசர்கள் பின்னால் நின்று மேற்பார்வை பார்த்ததால் இருநூற்றுப் பதினொரு பேருக்கு கம்பெனி மேல் பற்று இருப்பது தெரியவந்தது. ஒருத்தி மட்டும் (ஈ) போட்டிருந்தாள். இன்ஸ்பெக்ஷன் மாதேஸ்வரி.

சுசித்ராவுக்கு வேண்டியதும் அவள்தான். பதினோரு மாதமாக அந்த மேசையைத் தாண்டிப் போன வளையத்தில் ஒன்றுகூட வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வரவில்லை. இரண்டு மணி ஷிஃப்டுக்கு மாதேஸ்வரி ஒன்றேகாலுக்கே கேட்டில் கையெழுத்துப் போடுகிறாள். அந்த நேரத்துக்கு கம்பெனி பஸ் கிடையாது. குருபரப்பள்ளியிலிருந்து கைக்காசு போட்டு வருகிறாள்.

"எதுக்குக்கா இவ்ளோ சீக்கிரம்? யாராச்சும் வரச் சொன்னாங்களா?"

"யார் சொல்லுவா மேடம்? காலை ஷிஃப்ட்ல பாஸ் பண்ணி வெச்சதை நான் இன்னொரு தபா பாப்பேன்."

"தரத்து மேல அவ்ளோ அக்கறையா?" சுசித்ரா பேனாவைத் திறந்தாள்.

"பாஸ் பண்றது யாருன்னு நெனச்சீங்க? எங்க ஓரகத்தி, செல்லி."

பேனா அப்படியே நின்றது.

"எங்க வீட்டுக் காதுகுத்துல நான் ஆக்குன சோத்துல சம்மந்தி வாயில ஒரு கல்லு கடிபட்டுப் போச்சு. சபையில வெச்சு செல்லி சொல்றா மேடம், 'அரிசியில கல்லு பொறுக்கத் தெரியாதவளை எல்லாம் கம்பெனியில கண்ணால பாக்கற வேலைக்கு வெச்சிருக்கான்'னு. அன்னிக்கே முடிவு பண்ணேன். அவ பாஸ் பண்ண வளையத்துல ஒரு வெடிப்பு கெடச்சா போதும். மாமியார் முன்னாடி கொண்டுபோய் வெப்பேன்."

"கெடச்சுதா?"

"பதினோரு மாசமா தேடறேன். பாவி, ஒண்ணைக்கூட விடமாட்டேங்கறா!"

செல்லியைக் கேட்டபோது அவளும் மறைக்கவில்லை. "அவ கெளறுவான்னு தெரிஞ்சுதான் ஒவ்வொண்ணையும் ரெண்டு தபா பாக்கறேன். காலையில சீக்கிரம் வந்து அவ ராத்திரி பாஸ் பண்ணதையும் நான் கெளறுவேன். எனக்கு மட்டும் மாமியார் இல்லையா?"

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சுசித்ரா ஒரு பொய்யும் சொல்லவில்லை. 'குடும்ப உணர்வு' என்று பெரிய எழுத்தில் போட்டுக் காட்டினாள். பெங்களூர்க்காரர்கள் உருகிப்போனார்கள். இப்படிப்பட்ட குடும்பத்தை ஷிஃப்ட் பிரிக்கலாமா என்று கேட்டு, இருவரையும் ஒரே ஷிஃப்டில் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு மிக்சியும் பரிசு தந்தார்கள். சுசித்ரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லெட்டர் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டாள்.

குருபரப்பள்ளியில் அவர்களுக்கு ஒரே வீடு. காதுகுத்துக்குப் பிறகு அடுப்பு மட்டும் இரண்டு. முதல் வாரம் மிக்சி இந்த அடுப்புக்கும் அந்த அடுப்புக்கும் நடந்தது. இரண்டாம் வாரம் செல்லியின் அடுப்பு பிளக் பாயின்ட் பக்கம் நகர்ந்து வந்தது. மூன்றாம் வாரம் சட்டினி ஒன்றாயிற்று. தொழிற்சாலை மேசையிலும் எதிரெதிரே உட்கார்ந்து, மாமியாரை ஆதியிலிருந்து ஆராயத் தொடங்கினார்கள்.

"இந்த டிரேயை பாத்துட்டியாக்கா?"

"நீ பாத்திருப்பல்ல மாது?"

நான்காம் வாரம் முந்நூறு வளையங்கள் வெடிப்போடு திரும்பி வந்தன.

ராமப்பன் பேனாவுக்கு மூடி போட்டார். "மறுபடியும் ஒண்ணுகூட திரும்பி வராம பண்ணு. அப்புறம் கையெழுத்து. அதுவரைக்கும் உன் சோதனைக் காலம் நீளுது." சௌமியா கணினியிலிருந்து தலையை எடுக்காமலே முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுசித்ரா கைக்காசு போட்டு குருபரப்பள்ளிக்கு பஸ் ஏறினாள். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட கம்பெனி சான்றிதழ். அதை மாமியார் மாரம்மாவிடம் பணிவாக நீட்டினாள். மாரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மிக்சியில் சட்டினி ஓட்டிக்கொண்டிருந்த செல்லியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள்.

"'கூர்மையான கண்ணுக்காக... மாதேஸ்வரிக்கு.'" செல்லி சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"உன் பேர் எங்கடி?" என்றாள் மாரம்மா.

"அவங்களுக்கு அடுத்த வருஷம் பாக்கலாங்கம்மா," என்றாள் சுசித்ரா.

"நெனச்சேன்," என்று மாரம்மா மாதேஸ்வரி பக்கம் திரும்பினாள். "ஏன் மாது, இந்தக் கண்ணு காதுகுத்தன்னிக்கு எங்க போயிருந்துச்சு?"

"கேளுங்க அத்தை, நல்லா கேளுங்க," என்றாள் செல்லி.

"கேட்கறதுக்கு என்னக்கா இருக்கு? கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கு," என்றாள் மாதேஸ்வரி.

செல்லி உள்ளே போய், பாதி அரைத்த சட்டினியோடு மிக்சி ஜாரைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். மிக்சியின் அடிப்பாகம் மாதேஸ்வரியிடம் தங்கிவிட்டது. மாரம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு சுசித்ரா எழுந்தாள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் தனித்தனியாக வந்து ஷிஃப்ட் மாற்றம் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாதேஸ்வரி ஒரு மணிக்கே கேட்டில் நின்றாள். அந்த மாதம் ஒரு வளையமும் திரும்பி வரவில்லை.

ராமப்பன் லெட்டரில் கையெழுத்துப் போட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து அவளையே பார்த்தார். "ஞாயித்துக்கிழமை லீவு நாள்ல அவங்க வீட்டுக்கே போனியாமே? யாரும் சொல்லாம, சொந்தக் காசுல? இதைத்தானம்மா நான் தேடிகினு இருந்தேன்!" என்று அவள் அடித்த அதே படிவத்தில் ஒன்றை எடுத்து அவளிடமே நீட்டினார்.

சுசித்ரா ஒரு நொடி '(ஈ) மற்றவை'யைப் பார்த்தாள். ராமப்பன் பின்னால் வந்து நின்றார். '(அ) கம்பெனி மேல் பற்று' என்பதில் அழுத்தமாக டிக் போட்டாள். அவள் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது சௌமியா அரை மணி நேரம் முன்னதாகவே வந்திருந்தாள். சுசித்ரா முடித்து வைத்த கோப்புகளை மேசை மேல் அடுக்கி, ஒவ்வொரு பக்கமாக, மிகப் பொறுமையாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.