சம்பந்தம் உள்ளவர்கள்

நவம்பரில் இங்கிலாந்தின் ரேக்கன்டேல் ஊரில் விடியல் என்று தனியாக ஒன்று வருவதில்லை. மழையின் கறுப்பு மெல்ல மழையின் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். அந்தச் சாம்பல் மருத்துவமனையின் ஆறாம் வார்டு ஜன்னல்களுக்கு வந்து சேருமுன்பே பெர்னி ஹிண்டில் ஒரு மெத்தையைத் தலையால் முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தாள்.

மெத்தைக்கு அடியில்தான் எல்லாம் இருக்கும். கட்டில் சட்டத்தின் இடுக்குகளில் சிந்திக் காய்ந்த மருந்து, மலத்தின் மெல்லிய பழுப்புக் கோடு, யாரோ ஒளித்துவைத்துத் தின்ற பிஸ்கட்டின் பொடி. குளோரின் கரைசலில் முக்கி எடுத்த துணியால் அந்த இரும்பை அழுத்தித் தேய்த்து, ஈரம் அதில் கொஞ்ச நேரம் ஊற விட்டு, பிறகு துடைக்க வேண்டும். குளோரின் கண்ணைக் கரிக்கும். கையுறைக்குள் விரல் நுனிகள் வெந்து சுருங்கியிருக்கும். முன்பெல்லாம் ஷமீம் மெத்தையைத் தூக்கிப் பிடிப்பாள், பெர்னி அடியில் குனிவாள். மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருவரும் வரிசையை முடித்துவிடுவார்கள். செப்டம்பரில், ஒரு வார்டுக்கு இரண்டு பேர் என்றிருந்தது இரண்டு வார்டுக்கு ஒருத்தி என்று ஆனது. ஷமீமை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். மெத்தையைத் தாங்கப் பெர்னிக்குத் தன் தலைதான் மிஞ்சியது.

தலையால் தூக்கி எல்லாக் கட்டிலையும் முடிக்க முடியாது. எட்டாம் வார்டும் அவளுக்காகக் காத்திருந்தது. ஆகவே சில கட்டில்களின் மேற்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு நகர்வாள். அது அவளுக்குத் தெரியும். மேற்பார்வையாளருக்கும் தெரியும். படுத்திருந்தவர்களுக்கும் தெரியும்.

"இன்னிக்கு என் முறையா, பக்கத்துக் கட்டில் முறையா?" என்று ஜன்னலோரக் கட்டிலிலிருந்து மேவிஸ் ஆஸ்பினால் கேட்டாள். வாசற்படியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு வந்தவள். எலும்பைச் சேர்த்தாகிவிட்டது, மாடிப்படி ஏறிக் காட்டினால் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"பக்கத்துக் கட்டில் முறைம்மா. நாளைக்கு உங்களுக்கு."

"நேத்தும் இதத்தான் சொன்ன. எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன், கமிட்டில உக்காந்து டீயும் பிஸ்கட்டுமா இருக்கீங்களே, என் கட்டிலுக்கு அடியில யாரு கையை விடுறதுன்னு கேக்கக் கூடாதான்னு."

"என்ன சொன்னாரு?"

"அதெல்லாம் குறிச்சுக்கிட்டாங்களாம்." மேவிஸ் சிரித்தாள். "வீட்ல குழாய் ஒழுகுதுன்னாலும் இதேதான் சொல்வாரு."

பெர்னிக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மருத்துவமனைக்கு ஒரு மேற்பார்வைக் குழு இருந்தது. ஊர்மக்கள் ஓட்டுப் போட்டுச் சிலரை அனுப்புவார்கள், ஊழியர்கள் சிலரை அனுப்புவார்கள். மேவிஸின் கணவர் க்ளிஃப் ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், ஊரின் பிரதிநிதி. பெர்னி ஊழியர்களின் பிரதிநிதி. கூட்டத்துக்கு வரும் விஷயங்களில் சில முடிவெடுப்பதற்கு, சில கருத்துச் சொல்வதற்கு, மற்றதெல்லாம் குறித்துக்கொள்வதற்கு. பெரும்பாலும் மற்றதுதான் வரும். தலைவர் திருமதி ஆர்டன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "குறித்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார். யாரும் பேச மாட்டார்கள். கூட்டத்தில் குறுக்கே பேசுவது முரட்டுத்தனம் என்றே எல்லோரும் வளர்க்கப்பட்டிருந்தார்கள். பேசாவிட்டால் குறித்துக்கொண்டாயிற்று என்று அர்த்தம்.

துப்புரவு ஆட்களைக் குறைக்கும் திட்டம் ஜூன் மாதம் வந்தபோது பெர்னி எழுந்து நின்றாள். ஒருத்தி இரண்டு வார்டைத் துடைக்க முடியாது, தொடுவதற்குத்தான் முடியும் என்றாள். க்ளிஃப் அவளுக்குப் பக்கபலமாகப் பேசினார். திருமதி ஆர்டன் இருவருக்கும் மனமார நன்றி சொன்னார். குறித்துக்கொள்ளலாமா என்றார்.

வெளியே வந்ததும் க்ளிஃப் பெர்னியின் தோளைத் தட்டினார். "விடு கண்ணு. குறிச்சுக்கிட்டாங்க. இனிமே அதத் தாண்டி அவங்களால போக முடியாது."

அவர் பேருந்துப் பணிமனையின் பாஷையில் பேசினார். பிரேக் சரியில்லை என்று ஓட்டுநர் சொல்லி மெக்கானிக் குறித்துக்கொண்டுவிட்டால், சரிசெய்யும்வரை அந்த வண்டி வாசலைத் தாண்டாது. அந்த வார்த்தைக்கு அவர் அறிந்த அர்த்தம் அது. மருத்துவமனையில் குறித்துக்கொள்ளப்பட்டது அவர்களுடைய எதிர்ப்பல்ல, திட்டம். செப்டம்பரில் ஒட்டிய அறிவிப்பில், ஊழியர்கள், பொதுமக்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் மேற்பார்வையில் இந்த மாற்றம் செய்யப்படுகிறது என்று போட்டிருந்தது.

நவம்பரில், பெர்னியிடம் முறை கேட்ட அந்த வாரமே மேவிஸுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. வார்டுக் கிருமி. தனியறைக்கு மாற்றிக் கதவில் மஞ்சள் அட்டை மாட்டினார்கள். தொட்டுப் பேசக் கூடாதென்று க்ளிஃபுக்குப் பிளாஸ்டிக் அங்கி கொடுத்தார்கள். சேர்ந்த எலும்போடு, ஏறாத மாடிப்படியோடு, உடம்பில் இருந்த நீரெல்லாம் வற்றி, ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் செத்துப்போனாள்.

அந்த அறையைக் கழுவும் வேலை பெர்னிக்கு வந்தது. இந்தத் தடவை கட்டிலின் அடியைத் துடைக்கப் போதுமான நேரம் கொடுத்திருந்தார்கள்.

க்ளிஃப் மேவிஸின் செருப்பையும் கண்ணாடியையும் வாங்க வந்து வாசலில் நின்றார்.

"ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல இவளுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கும் இதே நோயா?"

"ஆமா, க்ளிஃப்."

"இவ வந்து படுத்த அன்னிக்கு அந்தக் கட்டிலுக்கு அடியில தொடச்சியா?"

பெர்னி துணியைப் பிழிந்தாள். "மேல மட்டும் தொடச்சேன். எட்டாம் வார்டுல ஒருத்தரு விழுந்து ரத்தம். அங்க கூப்பிட்டாங்க."

க்ளிஃப் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டார். எடுத்து மறுபடியும் போட்டார்.

"தொடச்சேன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம் நீ."

"சொல்லியிருக்கலாம்."

"அவகிட்ட குறிச்சுக்கிட்டாங்கன்னு சொன்னேன், கண்ணு. சாகுற வரைக்கும் அதையே சொல்லிட்டிருந்தேன்." செருப்பை மறந்துவிட்டுப் போனார். பெர்னி ஓடிப்போய்க் கொடுத்தாள். தொற்று இருக்குமென்று நர்ஸ் அதைப் பிடுங்கி மஞ்சள் பைக்குள் போட்டாள்.

டிசம்பர் கூட்டம் நடந்த வெள்ளிக்கிழமை மதியம், பெர்னி வேலை உடுப்போடு வரும்போது தாழ்வாரத்தில் ஜூலியன் வழி மறித்தார். கட்டடமும் துப்புரவும் அவர் பொறுப்பில். இளைத்த உடம்பு, நல்ல கோட்டு, யாரையும் பேர் சொல்லியே அழைப்பார். தன்னையும் அப்படியே அழைக்கச் சொல்வார்.

"பெர்னி, உங்க முட்டி எப்படி இருக்கு? நல்லது. நட்பா ஒண்ணு சொல்றேன். பிரதிநிதியா நீங்க உள்ள என்ன வேணா பேசலாம், அது உங்க உரிமை. ஆனா கட்டிலைத் தொடைக்காம விட்டது யாருன்னு ஒரு விசாரணை வருது. அது வேலைக்காரி பெர்னிக்கு."

"ரெண்டு பெர்னிக்கும் ஒரே முதுகுதான், ஜூலியன்."

"பாவமான விஷயம். அந்த அம்மாவுக்கு வயசாச்சு இல்லையா? நம்ம யாராலயும் தடுத்திருக்க முடியாது."

"அப்ப விசாரணை எதுக்கு?"

அவர் புன்னகைத்து, அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

மேசை மேல் டீயும் பிஸ்கட்டும் இருந்தன. திருமதி ஆர்டன் குழுவின் சார்பில் க்ளிஃபுக்கு இரங்கல் சொன்னார். குரல் உண்மையாகவே தழுதழுத்தது. பிறகு தாளைத் திருப்பினார். அடுத்த விஷயம்: ஆறாம் வார்டில் ஒரு தொற்று நிகழ்வு, நோயாளி ஒருவர் மரணம், குறித்துக்கொள்வதற்கு. அதோடு சேர்ந்து இன்னொன்று: புதிய துப்புரவு ஏற்பாட்டைத் திங்கள் முதல் மருத்துவமனை முழுதும் விரிவுபடுத்துவது, அதுவும் குறித்துக்கொள்வதற்கு.

"க்ளிஃப்," என்றார் திருமதி ஆர்டன் மென்மையாக. "இந்த விஷயத்துல உங்களுக்குச் சொந்தச் சம்பந்தம் இருக்கு. விதிப்படி இது முடியற வரைக்கும் நீங்க வெளியில இருக்கணும். மன்னிக்கணும்."

க்ளிஃபுக்கு முதலில் புரியவில்லை. "நான் வெளிய போகணுமா?"

"சம்பந்தம் உள்ளவங்க பேச்சில கலந்துக்கக் கூடாது. நடுநிலைக்காக."

"செத்தது என் பொண்டாட்டி."

"அதனாலதான், க்ளிஃப்."

"அவ பேரு மேவிஸ். தாள்ல நோயாளி ஒருவர்னு போட்டிருக்கீங்க." அவர் மேசையைப் பிடித்து எழுந்தார். வாழ்நாளெல்லாம் விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடந்த மனிதர். கால் கதவை நோக்கித் தானாகவே திரும்பியது. பெர்னியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஜூலியன் குனிந்து தலைவரிடம் ஏதோ சொன்னார். திருமதி ஆர்டன் பெர்னியைப் பார்த்தார். "பெர்னி, அந்த வார்டுல வேலை பாக்குறவங்க நீங்க. உங்களுக்கும் சம்பந்தம் இருக்கறதா எடுத்துக்கணும்னு ஜூலியன் சொல்றார்."

"எடுத்துக்குங்க," என்று பெர்னி எழுந்தாள். நாற்காலி தரையில் கீறியது. "நல்லாவே சம்பந்தம் இருக்கு. எட்டாம் வார்டோடயும் இருக்கு. சம்பந்தமில்லாதவங்க யாரோ அவங்க உக்காந்து குறிச்சுக்குங்க."

அறை அமைதியாயிற்று. எப்போதும் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும் அதே அமைதி. திருமதி ஆர்டன் மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.

"எங்கம்மா எட்டாம் வார்டுல படுத்திருக்காங்க," என்றார் இர்ஃபான், டாக்சி ஓட்டுகிறவர், ஊரின் இன்னொரு பிரதிநிதி. "அப்படின்னா எனக்கும் சம்பந்தம்தானே?"

"இது விளையாட்டு இல்லை, இர்ஃபான்."

"விளையாடல மேடம். விதி என்னன்னுதான் கேக்குறேன்." சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மூலையில் மிஸ் துவைட் இருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அவரும் ஊரின் பிரதிநிதி. எல்லாக் கூட்டத்துக்கும் வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் போகிறவர். "எனக்கு எண்பது தாண்டிருச்சு," என்றார் இப்போது. "இந்த ஊர்ல வேற ஆஸ்பத்திரி கிடையாது. எந்தக் கட்டில்ல சாகப்போறேன்னு யோசிச்சா, எனக்கும் இதுல சம்பந்தம் இருக்கற மாதிரிதான் படுது. அந்தக் கைத்தடியக் கொஞ்சம் எடுங்க."

பிறகு ஊழியர்களின் இன்னொரு பிரதிநிதியான பிரசவ வார்டு நர்ஸ் எழுந்தாள். பிள்ளை அங்கே பிறந்தவர், அப்பா அங்கே செத்தவர், தானே அடுத்த மாதம் கண் அறுவைக்கு வரவேண்டியவர் என்று ஒவ்வொருவராகத் தங்கள் சம்பந்தத்தைச் சொன்னார்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை. ஒருவர் மன்னிப்புக்கூடக் கேட்டுக்கொண்டார். கதவருகே நின்ற க்ளிஃபைத் தாண்டி வெளியே போனார்கள். மேசையைச் சுற்றித் தலைவர், ஜூலியன், டீக்கோப்பைகள் மட்டுமே மிச்சம்.

"கூட்டம் நடத்த ஆள் போதாது," என்றார் திருமதி ஆர்டன். "ஒத்திவெக்கத்தான் வேணும்."

"ஒத்திவெச்சுக்குங்க," என்றார் ஜூலியன். அந்த நல்ல குரல் போயிருந்தது. "நிர்வாகம் முடிவெடுத்தாச்சு. இவங்க குறிச்சாலும் குறிக்காட்டியும் திங்கட்கிழமை நடக்கும்."

கதவு சாத்தப்படவில்லை. வெளியே நின்ற எல்லோருக்கும் கேட்டது.

தாழ்வாரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே வந்தாயிற்று, அடுத்து என்ன என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

"அவரு சொல்றது நிஜம்," என்றார் இர்ஃபான். "அவங்க செய்வாங்க."

"செய்யட்டும். நாம பாத்து ஒத்துக்கிட்டோம்னு இனிமே சொல்ல முடியாது," என்ற பெர்னி மாடிப்படியைக் காட்டினாள். "கீழ வாங்க. இதச் சொல்ல வேண்டிய ஆளுங்க அங்க இருக்காங்க."

அடித்தளத்தில் துப்புரவுக்காரர்களின் அறையில் ஷிஃப்ட் மாறிக்கொண்டிருந்தது. ஈரத் துடைப்பங்களின் வாடை, கொதிகலனின் உறுமல். பிரதிநிதிகள் படியிறங்கி வருவதைப் பார்த்து ஷமீம் தேநீரைக் கீழே வைத்தாள். மிஸ் துவைட்டுக்கு யாரோ ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார்கள்.

பெர்னி நடந்ததைச் சொன்னாள். விசாரணை வருவதையும் சொன்னாள்.

"அப்ப உன்னைத் தூக்கிருவானுங்க," என்றாள் ஷமீம். "அவங்களுக்கு வெட்டறதுக்கு ஒரு கழுத்து வேணும். உன்னது சுலபமா கிடைக்குது."

"கிடைக்கட்டும். திங்கக்கிழமை நான் தனியா வார்டுக்குள்ள போகப்போறதில்ல. யாராவது கூட வந்தா போவேன்."

"ரெண்டு ரெண்டு பேராப் போனா பாதி வார்டு விடிஞ்சும் தொடைக்காமக் கிடக்கும்," என்று ஓர் இளம்பெண் சொன்னாள். "பேஷண்ட்டுங்க நம்மளத்தான் திட்டுவாங்க."

"இப்பவும் கிடக்குது. தொடச்ச மாதிரி கிடக்குது," என்றாள் பெர்னி. "கிடக்கறது கிடக்கறதாத் தெரியட்டும்."

வாடகை, பிள்ளைகள், மாதக் கடைசி என்று ஒவ்வொருத்தி முகத்திலும் ஒவ்வொன்று ஓடியது. இரண்டு பேர் மேல்கோட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர்களை யாரும் ஏசவில்லை.

"வார்டைச் சுத்திப் பாக்க எங்களுக்கு உரிமை இருக்கு," என்றார் க்ளிஃப் திடீரென்று. "முன்கூட்டிச் சொல்லிட்டு எந்நேரமும் போலாம். வருஷத்துக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போய்ப் புதுத் திரைச்சீலையக் காட்டுவாங்க." அவர் கூட்டத்தைப் பார்த்தார். "மேல ஆபீஸ்ல இப்பவே சொல்லிட்டுப் போறேன். திங்கக்கிழமை நீங்க வேலைக்கு வர்ற நேரத்துக்கு நாங்களும் வர்றோம்."

"முதல் பஸ்ஸே அதுக்கப்புறம்தான்," என்றார் மிஸ் துவைட்.

"என் வண்டி எதுக்கு இருக்கு?" என்றார் இர்ஃபான்.

திங்கட்கிழமை மழை பனித்துகளாகக் கொட்டியது. மேற்பார்வையாளர் ஆறாம் வார்டு வாசலில் நின்று, "ஷமீம், உனக்கு மேல்மாடி," என்றார். ஷமீம் அசையவில்லை. அவர் தொலைபேசியில் பேசினார். சற்று நேரத்தில் ஜூலியன் ஈரக் கோட்டோடு வந்தார். யார் யார் பணிய மறுக்கிறார்கள் என்று பெயர் கேட்டார். துப்புரவுப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தன் முழுப் பெயரைச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போன இருவரில் ஒருத்தியும் கடைசியில் நின்று தன் பெயரைச் சொன்னாள்.

"உங்க எல்லாருக்கும் இன்னிக்கே கடிதம் வரும். இன்னிக்கு இங்க ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"அந்தக் கேள்விக்குத்தான் நாங்களும் வந்திருக்கோம்," என்றார் க்ளிஃப். மருத்துவமனை கொடுத்த நீல அட்டை அவர் மார்பில் தொங்கியது. அவருக்குப் பின்னால் மிஸ் துவைட் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இர்ஃபான் அவருக்கு நாற்காலி தேடிக்கொண்டிருந்தார்.

ஜூலியன் வார்டு வாசலைக் கையால் மறித்து நின்றார், வழி விடவில்லை. யாரும் அவரைத் தள்ளவுமில்லை. நின்றார்கள். உள்ளேயிருந்து ஒரு கிழவரின் குரல் வந்தது: "யாராவது வர்றீங்களா? நனைஞ்சு கிடக்கேன்."

பெர்னியும் ஷமீமும் ஒரே நேரத்தில் அடியெடுத்து வைத்தார்கள். ஜூலியனின் கை தானாக விலகியது.