நின்று கேட்கும் தொட்டில்

மேசையில் இரண்டு பழைய காப்புரிமைகளை அருகருகே விரித்து வைத்திருந்தாள் அவள். புதிய கண்டுபிடிப்புகளுக்கு உரிமை தரலாமா என்று பரிசோதிப்பது அவள் வேலை. ஒன்று, மோட்டாரில் ஆடும் தொட்டில். மற்றது, குழந்தை அழுதால் மணியடிக்கும் கருவி. இப்போது வந்திருக்கும் விண்ணப்பமோ, அழுகை கேட்டால் தானே ஆடும் தொட்டில்.

"இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு? அதையும் இதையும் சேர்த்தா இது. யாருக்கும் தோணும்," என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் நிராகரிக்கக் கை வரவில்லை. அவள் குடியிருந்த முதல் வாடகை வீட்டில் இந்த இரண்டுமே இருந்தன. உள்ளறையில் தொட்டில், முன்னறையில் மணி. மணி அடித்தால் யார் எழுந்துபோய்த் தொட்டில் சுவிட்சைப் போடுவது என்று அவளுக்கும் கணவருக்கும் சண்டை வரும். சண்டை சிரிப்பில் முடியும். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் மகள் இன்னும் வீறிடுவாள். அரைத் தூக்கத்தில் தள்ளாடிய அந்த மாதங்களை நினைத்தால் இப்போது ஏக்கமாக இருந்தது.

மாலையில் கணவரிடம் கேட்டாள். "நீங்க மோட்டார் வேலையே பாத்தவர். ரெண்டையும் சேக்கணும்னு ஏங்க தோணல?"

"தோணாம என்ன? சேத்தேன். நீ பாப்பாவத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப."

"சொல்லவே இல்லையே."

"ஆட ஆரம்பிச்சது நிக்கவே இல்ல. மோட்டார் சத்தத்தையே அழுகைன்னு எடுத்துக்கிச்சு. நீ கேலி பண்ணுவேன்னு பிரிச்சுப் போட்டுட்டேன்."

"பாப்பாதான் இல்லையே. யாரு அழுதா?"

"நான்தான்."

மறுநாள் விண்ணப்பத்தின் கடைசி வரிகளை நிதானமாகப் படித்தாள். இந்தத் தொட்டில் அவ்வப்போது மோட்டாரை நிறுத்தி, அழுகை இன்னும் கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டு, கேட்டால் மட்டும் மறுபடி ஆடும். வீட்டுக் கதை சான்றாகாது. காகிதம்தான் பேச வேண்டும். மணிக் கருவியின் பழைய காப்புரிமையைப் புரட்டினாள். ஓடும் இயந்திரத்தின் அருகே வைக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அதைப் படித்தவன் இரண்டையும் சேர்க்கவே துணிந்திருக்க மாட்டான். நின்று கேட்பதைப் பற்றி இரண்டிலும் ஒரு வார்த்தை இல்லை.

"என்ன மேடம், முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு. உரிமை குடுக்கலாம்."

பக்கத்து இருக்கைக்காரர் புருவத்தைத் தூக்கினார். அவள் காரணங்களை எழுதத் தொடங்கி, பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். அவள் கண்முன்னே, ஆளில்லாத அந்த முதல் வீட்டில், மெல்லிய மீசை வைத்த ஓர் இளைஞர் வெறும் தொட்டில்மேல் குனிந்து, வெட்கத்தோடு ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குழந்தைபோல் அழுதுகொண்டிருந்தார்.