தாளித்த மிசோ

வளைகுடாவில், மனாமாவின் குதைபியாப் பேட்டையில் ஷியாமளா வைத்த ஜப்பானிய சூப்பைக் குடித்தவர்கள் எல்லோரும் நாற்காலியிலிருந்து எழும்பி, மின்விசிறிக்குக் கொஞ்சம் கீழே அந்தரத்தில் போய் நின்றார்கள், அவள் கணவர் கல்யாணசுந்தரத்தைத் தவிர. எழுபத்தாறாம் வருஷம் குளிர்காலத்தில் இது நடந்தது. நல்லவேளையாக மின்விசிறி ஓடவில்லை. அந்த வருஷம் மனாமாவில் வெங்காயம் கிராக்கி.

கல்யாணசுந்தரம் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அவருடைய காண்ட்ராக்ட் மார்ச்சோடு முடிவதாக இருந்தது. நீட்டித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் மேலதிகாரி தனாபே. அந்த ஜப்பான்காரரோ வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கி இளைத்துக்கொண்டிருந்தார். புளிக்கவைத்த சோயா விழுதில் வைக்கும் மிசோ சூப் தனக்குக் கைவந்த கலை என்று கல்யாணசுந்தரம் அவரிடம் ஒரு போடு போட்டார். வெந்நீர்கூட வைத்தறியாத மனிதர். தனாபே கண் கலங்கி, கடைசி மிசோப் பொட்டலத்தையும் சாறெடுக்க ஒரு மீன் சீவல் பொட்டலத்தையும் கொடுத்து, வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். காண்ட்ராக்ட் போனால் மறுபடி மாம்பலம் கூட்டுக்குடும்பம்தான். அங்கே சமையலறை மூத்த ஓரகத்தியின் ராஜ்யம். ஷியாமளாவுக்கு உப்புப் போடும் உரிமைகூடக் கிடைத்ததில்லை. மனாமாவுக்கு வந்த பிறகுதான் அவள் தன் இஷ்டத்துக்கு ஒரு ரசம் வைத்தாள். திரும்பிப் போகாமலிருக்க அவள் எதை வேண்டுமானாலும் சமைக்கத் தயாராக இருந்தாள்.

மீன் சீவலைப் பென்சில் சீவல் என்று நினைத்து முகர்ந்தவள், விஷயம் தெரிந்ததும் இடுக்கியால் பிடித்து வெளியே எறிந்துவிட்டுத் தலைக்குக் குளித்தாள். பிறகு மிசோவைப் பிரித்தாள்.

"ஏன்னா, இது ஊசிப்போயிருக்கு."

"அது அப்படித்தான் இருக்குமாம். கரைச்சப்புறம் கொதிக்கப்படாதுன்னார்."

"ரசத்துக்கும் அதே கதைதானே. நுரைச்சா எறக்கிடறேன். நீங்க கொஞ்சம் ஹாலுக்குப் போங்கோ."

மீன் சாற்றுக்குப் பதில் துவரம்பருப்புத் தண்ணீரில் மிசோவைக் கரைத்தாள். நாற்றம் அடங்க நெய்யில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினாள்.

வெள்ளிக்கிழமை வந்த தனாபே இரண்டு வாய் குடித்ததும் எழும்பினார். மேலேயிருந்தே கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். ருசி பார்த்த ஷியாமளாவும் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு அவர் உயரத்துக்குப் போனாள். கல்யாணசுந்தரம் நான்கு கிண்ணம் குடித்தும் தரையோடு தரையாக இருந்தார். தானே வைத்த சூப் என்று அண்ணாந்து பார்த்துச் சொன்னார். அதில் கறுப்பாக மிதப்பது என்ன என்று தனாபே குனிந்து கேட்டார். மிளகு என்றார் கல்யாணசுந்தரம். பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த ஷியாமளாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. கல்யாணசுந்தரத்தின் காண்ட்ராக்ட் நீட்டிக்கப்படவில்லை. அதிகாரிகள் மெஸ்ஸுக்குத் தலைமைச் சமையல்காரராக ஷியாமளா நியமிக்கப்பட்டாள்; விரும்பினால் கணவரைக் குடும்ப விசாவில் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தது. அன்று அவள் ஆனந்தமாக அழுதாள். கோடை வந்ததும் மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள்.

குதைபியாத் தமிழர்கள் அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஷியாமளா வீட்டுக்குப் போய்ச் சூப் குடித்து, மேலே எழும்பி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டு இறங்குவார்கள். அதில் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. போகும்போது யாராவது ஒருவர் மட்டும் கல்யாணசுந்தரத்தை ஓரமாக அழைத்து, "ஏன் சார், பொண்டாட்டி விசாவுல புருஷன் இருக்கறதுன்னு ஒண்ணு நெஜமாவே உண்டா?" என்று நம்ப முடியாமல் கேட்பார். உண்டு என்று சொல்லிவிட்டு அவர், மேலே மிச்சமிருப்பவர்களிடம் காலிக் கிண்ணங்களை வாங்க நாற்காலியில் ஏறுவார்.