பித்தளைப் பிடி வைத்த பெட்டி

"ரெண்டு மணிக்குள்ள பெட்டி வந்துரணும்!" என்று மரண உதவிச் சங்கத் தலைவர் இராசையா கத்தியது தப்பு மேளச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. சுபாஜினி கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினாள். தோட்டத்தின் பக்கத்து லய வீட்டு வரிசையில் இரவல் வாங்கிய ஆட்டோ. முந்தின நாள்தான் கொழும்பிலிருந்து வந்திருந்த அண்ணன் ரமேஸ் அதைக் கிளப்பிய வேகத்தில் கோழிகள் சிதறின.

தாத்தா தம்பையாவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. விடியற்காலையில் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார், சுவரில் சாய்ந்தார், அவ்வளவுதான். கலியாணச் சாவு! அழுகை அரைமணி நேரத்தில் ஓய்ந்து, லயத்துக்கே திருவிழாக் களை ஏறிவிட்டது. லுணுகலையிலிருந்து இரண்டு தப்புச் செட் இறங்கியிருந்தது. கூரை உயரத்துக்குப் பாடையின் பூந்தேர் எழும்பிக்கொண்டிருந்தது. இளவட்டங்கள் தேயிலைச் சரிவில் வெடி கொளுத்திப் போட்டார்கள்.

பாக்கி சவப்பெட்டி மட்டும்தான். அதை அம்மா பெரியாயி காலையிலேயே ஊர் கேட்க அறிவித்திருந்தாள்.

"எங்கப்பாருக்கு சங்கத்துப் பலகைப் பெட்டி வேணாம். என் மக பதுளையில கார்டு வச்சிருக்கா. பித்தளைப் பிடி போட்டதா எடுத்தாருவா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுபாஜினிக்கு உச்சி குளிர்ந்தது. கை தானாகப் பைக்குள் போய்க் கார்டுகளைத் தொட்டுப் பார்த்தது.

துணிக்கடையில் அவளுக்குச் சம்பளம் நாற்பத்தையாயிரம். முதல் கிரெடிட் கார்டை, டை கட்டிய பேங்க்காரர் ஒருவர் கடைக்கே தேடிவந்து கொடுத்தார். வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது, அம்மாவின் கண் ஆபரேஷன் நடந்தது. அதைக் கட்ட இரண்டாவது கார்டு, இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. இப்போது மொத்தம் ஒன்பது லட்சம். ஆனால் மூன்றாவதில் போன வாரம் கொஞ்சம் கட்டியிருந்தாள். அது வேலை செய்யும். செய்தே ஆகவேண்டும்.

சவப்பெட்டி விற்கும் பசறை மலர்ச்சாலையில் பெட்டியைக் கண்டதும் ரமேஸ் விசிலடித்தான். தேன் நிறப் பாலிஷ், இருபுறமும் மின்னும் பிடிகள்.

"தாத்தா ராசா மாதிரி போவாரு சுபா!"

அவள் கார்டை நீட்டினாள். மெஷின் யோசித்தது. சீட்டைத் துப்பியது.

"எடுக்குதில்ல. வேற கார்டு இருக்கா மிஸ்?"

இரண்டாவது. முதலாவது. மெஷின் மூன்று முறையும் ஒரே மாதிரி முனகியது. அவளுக்குக் காது மடல் சுட்டது.

"இரு, நான் போடுறேன்." ரமேஸ் பர்ஸைத் திறந்தான். அவனிடமும் கார்டு இருப்பது அவளுக்குத் தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எதுவும் எடுக்கவில்லை.

வெளியே வந்து ஆட்டோவுக்குள் உட்கார்ந்தார்கள்.

"நாலா அண்ணே?"

"நாலு."

"உன் பைக்கு சர்வீஸ்ல இருக்குன்னியே?"

"தவணை கட்டலன்னு லீசிங்காரன் தூக்கிட்டுப் போயி மூணு மாசமாச்சு."

"வீட்டுக்கு மாசாமாசம் இருபதாயிரம் அனுப்புனியே?"

"கார்டுல எடுத்துத்தான். என்னடா ஆகப்போவுது, தங்கச்சி பதுளையில நல்லா இருக்காளேன்னு நெனச்சேன்."

"நான் நீ கொழும்புல நல்லா இருக்கேன்னு நெனச்சேன்!"

முதலில் அவன்தான் சிரித்தான். பிறகு அவள். ஆட்டோ குலுங்கக் குலுங்க, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்கள். மலர்ச்சாலைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, துக்கம் தாங்காத பிள்ளைகள் என்று நினைத்தாரோ என்னவோ, தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"வட்டிக்கு யாருகிட்டயாவது கேப்பமா?" என்றான் ரமேஸ் மூச்சு வாங்கியபடி.

"வேணாம்ணே. போதும். வண்டிய எடு, நானே சொல்றேன்."

ஆட்டோவைக் கண்டதும் லயம் ஆர்ப்பரித்தது. தப்பு உச்சத்துக்கு ஏறியது. ஆட்கள் ஓடிவந்து பின்னால் பார்த்தார்கள். பெட்டி ஏற்றிய வேன் எதுவும் வரவில்லை. தப்புகள் ஒவ்வொன்றாக நின்றன.

சுபாஜினி இறங்கினாள். குரல் தெளிவாகவே வந்தது.

"பெட்டி இல்லம்மா. எங்கிட்ட காசு இல்ல. ஒம்பது லட்சம் கடன் இருக்கு. இத்தன நாள் செலவழிச்சது எதுவும் எங்காசு இல்ல."

"எனக்கும் இருக்கும்மா," என்று ரமேஸ் வந்து பக்கத்தில் நின்றான்.

திறந்திருந்த வாசல் வழியே ஃப்ரிட்ஜின் உறுமல் கேட்டது. ஹோட்டல் வேலையிலிருந்து வந்திருந்த சின்னம்மா மகன் தலையைக் குனிந்து, சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பெரியாயி மகளையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

இராசையா தொண்டையைச் செருமினார்.

"பலகைப் பெட்டி சங்கத்துல தயாரா இருக்கு. தம்பையாண்ணே நாப்பது வருசம் சந்தா கட்டுன பெட்டி. ரெண்டு பேரு ஓடிப் போயி தூக்கியாங்க. டேய், தப்பு ஏன்டா நிக்குது? அடிங்கடா!"

தப்பு மறுபடி இடித்தது. முன்னைவிடப் பலமாக.

மூன்று மணிக்குப் பூந்தேர் கிளம்பியது. பலகைப் பெட்டியில் கனமே இல்லை. தூக்கியவர்கள் ஆடிக்கொண்டே ஓடினார்கள். ரமேஸ் முன்னால் தோள் கொடுத்திருந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வெடிப்புகை மூடுபனியோடு கலந்து மேலேறியது.

பெண்கள் முச்சந்திவரைதான் போவார்கள். சுபாஜினி எல்லோருக்கும் பின்னால் நடந்தாள். முன்னால் போய்க்கொண்டிருந்த பெரியாயி வளைவில் நின்றாள். முகத்தைத் திருப்பவில்லை. மடியிலிருந்து பொரியை அள்ளி, பாதியை மகளின் கையில் கொட்டினாள்.

இருவரும் வீசினார்கள். ஈரத் தேயிலைக் கொழுந்துகளில் பொரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.